ஓடுற வண்டியை ஏன்யா நிறுத்தச் சொல்றீங்க?

"அண்ணாச்சி, வண்டிய குடுக்கிறியளா? நல்ல ரேட்டுக்கு எடுத்துக்கிடுதேன்."

பெட்ரோல் பங்க்ல நின்னா இந்தக் கேள்வி. டீ குடிக்க ஓரமா நிறுத்தினா இந்தக் கேள்வி. தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழாக் கூட்டத்துல, ஆகஸ்ட் மாச வேர்வையில, வண்டியைச் சாய்ச்சுட்டு நிக்கிறேன், அங்கயும் ஒருத்தன் வந்து கேக்குறான். எதுக்குப்பா உனக்கு? "மாடிஃபை பண்ணி ரீல்ஸ் போடலாம்னுதான் அண்ணாச்சி." மட்கார்டை வெட்டுவான், சைலன்சரைப் பிடுங்கிட்டு வெறும் குழாயை மாட்டுவான், ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவையே எழுப்பி விடுவான், அலுத்துப் போனதும் இன்னொருத்தன் தலையில கட்டிருவான். இதுக்கு வின்டேஜ் மேல காதல்னு பேரு வேற வச்சிருக்காங்க. எரியுது எனக்கு.

இன்னொரு கூட்டம் வீட்டுக்குள்ளயே வரும். சொந்தக்காரங்க. காபியைக் குடிச்சுக்கிட்டே வாசலைப் பார்ப்பாங்க. "இன்னுமா இத வச்சிக்கிட்டு மல்லுக்கட்டுதிய? எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு ஒண்ணு எடுங்க."

ஏன் எடுக்கணும்? வண்டி ஓடுது. தினமும் ஓடுது. உடைஞ்சு கிடந்தா நீங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்தணும்? இந்த ஒரு கேள்விக்கு இதுவரைக்கும் யாரும் எனக்கு நேரா பதில் சொல்லல.

என்னோடது 78 மாடல் புல்லட் 350. அப்பா பழைய துறைமுகத்துல ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ்ல வேலை பார்த்தப்ப வாங்கினது. நம்பர் பிளேட்ல இருக்கிறது அந்தக் காலத்து மூணெழுத்து நம்பர். திருவொற்றியூர்ல செஞ்ச வண்டி. இது எவ்வளவு பெரிய விஷயம்னு நிறைய பேருக்குத் தெரியாது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து 1955-ல என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. முதல்ல அங்கிருந்து பார்ட்ஸ் வந்தது, இங்க மாட்டினாங்க. 57-ல அச்சும் கருவியுமே இங்க வந்திருச்சு, பார்ட்ஸையும் இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. அப்புறம் இங்கிலாந்துல ரெட்டிச் ஆலையை 1967-ல மூடிட்டாங்க, 70-ஓட அங்க கதையே முடிஞ்சது. அவன் கைவிட்டதை நம்ம ஊர் பிட்டரும் டர்னரும் நாப்பது வருஷத்துக்கு உயிரோட வச்சிருந்தாங்க. அந்தக் காஸ்ட் அயர்ன் இன்ஜின் 2009, 2010 வரைக்கும் வந்துச்சு. எவ்வளவு பெருமைப்பட வேண்டிய சங்கதி! நமக்கு அது "பழைய வண்டி". அவ்வளவுதான்.

இதுல என்ன சுகம்னு கேக்குறவங்களுக்குச் சொல்றேன். ஸ்டார்ட் பண்றதையே எடுத்துக்கங்க. சாவியைப் போட்டுட்டு, ஹெட்லைட்டுக்கு மேல இருக்கிற ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கிட்டே கிக்கரை மெல்ல அமுக்கணும். சாஞ்சு கிடக்கிற முள்ளு ஒரு இடத்துல டக்குனு நடுவுக்கு வரும். பிஸ்டன் மேல வந்திருச்சுன்னு அர்த்தம். அப்ப டீகம்ப்ரஷன் லிவரை இழுத்துப் பிடிச்சு, கிக்கரை இன்னும் கொஞ்சம் கீழ இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேல வரவிட்டு, ஒரே மிதி. பலமே வேண்டாம். என் மக நாப்பத்தஞ்சு கிலோ, அவ ஸ்டார்ட் பண்றா. முறை தெரியாம முரட்டுத்தனமா மிதிச்சா திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிப் போகும். வண்டி உங்களைக் கவனிக்கச் சொல்லுது. ஒரு பட்டனை அமுக்கிட்டு வேற எதையோ யோசிச்சுக்கிட்டே கிளம்ப விடாது.

டேப்பட் பார்க்கிறது இன்னொரு சுகம். வலது பக்கம் ஒரு மூடி, ஒரே ஒரு நட்டு. கழட்டினா உள்ள ரெண்டு புஷ்ராடு நிக்கும். இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டினா ராடு லேசா சுத்தணும். மேலயும் கீழயும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், விரல் நுனி போதும். ஞாயித்துக்கிழமை காலையில பனியனோட வாசல்ல உக்காந்து இதைச் செஞ்சு முடிச்சு, கையில மண்ணெண்ணெய் வாசத்தோட ஒரு டீ குடிச்சுப் பாருங்க. அப்புறம் கிளம்பி முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டி திருச்செந்தூர் ரோட்டுல போகணும். ரெண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையா மின்னும். முக்காணி பாலத்துல தாமிரபரணியைத் தாண்டினா ஆத்தூர் வெத்திலைக் கொடிக்கால், வாழை. அம்பதுல வச்சு ஓட்டினா போதும். 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அந்த இன்ஜினுக்கு அவசரமே கிடையாது. ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியா எண்ணலாம்.

யெஸ்டிக்காரனைக் கேளுங்க, அவன் மைசூர் ஐடியல் ஜாவா பெருமையை இதே மாதிரி மணிக்கணக்கா பேசுவான். கிக்கரும் கியரும் ஒரே லிவர், அதை உள்ள தள்ளித் திருப்புற அழகு! 96-ல அந்தக் கம்பெனியை மூடினதை இன்னைக்கும் சாவு செய்தி மாதிரிதான் சொல்வான். ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கிறவனுக்கு வேற கவலை. அதுவும் 96-ல நின்னு போனதுதான். இன்னைக்கு திருட்டுக்குப் பயந்துக்கிட்டு அதை வீட்டு ஹாலுக்குள்ள ஏத்தி வைக்கிறான்.

சரி, சுகம் போதும். வயித்தெரிச்சலுக்கு வர்றேன்.

2023 டிசம்பர் 17, 18. நம்ம ஊர்க்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்து மழையை விட ஜாஸ்தி. தூத்துக்குடி தெருவுல நாள்கணக்கா தண்ணி நின்னுச்சு. என் வண்டி டேங்க் வரைக்கும் முங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியோட புது வண்டியும் முங்குச்சு, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல.

தண்ணி வடிஞ்சதும் எங்க மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். எழுபது வயசுக்கு மேல. ஆயில் பிளக்கைத் திறந்தா பால் ஊத்தின காபி மாதிரி வருது. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு கிக்கரை அமுக்கினார், ஓட்டை வழியா தண்ணி பீச்சி அடிச்சது. ஆயிலை வடிச்சு, ஊத்தி, ஓட்டி, மறுபடியும் வடிச்சு ஊத்தினார். கார்புரேட்டரைக் கழட்டி மண்ணெண்ணெய்ல கழுவினார். பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சார். காயிலை வெயில்ல வச்சார். பொங்கலுக்கு முன்னாடி வண்டி என் கையில. செலவுல பாதி ஆயிலுக்கே போச்சு.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு என்ன சொன்னாங்க? இசியு போச்சு, வயரிங் செட் மொத்தமா மாத்தணும், சென்சார் மாத்தணும். எஸ்டிமேட்டைப் பார்த்தா வண்டி விலையில பாதிக்கு மேல நிக்குது. கடைசியில இன்சூரன்ஸ்ல எழுதிக் குடுத்துட்டான். அந்தப் பையன் இன்னும் இஎம்ஐ கட்டிக்கிட்டு இருந்தான். சொல்லுங்க, இதுல எது பழைய வண்டி?

அந்த அண்ணாச்சி பட்டறையில முன்னாடி நாலு பையங்க நிப்பாங்க. ஸ்பேனர் எடுத்துக் குடுத்தே தொழில் படிச்சவங்க. இப்ப ஒருத்தன் கிடையாது. அவர் மகனே கன்டெய்னர் லாரி ஓட்டுறான். "கையில கிரீஸ் இருந்தா பொண்ணு குடுக்க மாட்டேங்காவ தம்பி. எனக்கப்புறம் இந்த வண்டிக்கு ஆள் கெடையாது, பாத்துக்கிடுங்க"ன்னு சாதாரணமா சொல்றார். எனக்குத்தான் நெஞ்சு அடைக்குது. சத்தத்தை வச்சே வியாதி சொல்ற காது அது. வண்டி தெருமுனையில திரும்பும்போதே "பிரைமரி செயின் தொங்குது"ன்னு சொல்வார், திறந்து பார்த்தா தொங்கும். அந்தக் காதை யார்கிட்ட குடுத்துட்டுப் போவார்? எந்த ஐடிஐ அவரைக் கூப்பிட்டு, அண்ணாச்சி, வாரத்துல ஒரு நாள் வந்து பையங்களுக்குச் சொல்லிக் குடுங்கன்னு கேட்டிருக்கு?

புது ஷோரூம் சர்வீஸ்ல பையங்க நல்ல பையங்கதான். அவங்களைக் குத்தம் சொல்லல. ஆனா அவங்களுக்குக் கத்துக் குடுத்ததே கழட்டி மாட்டுறதுதான். பழுது பார்க்கிறதைச் சொல்லிக் குடுக்கல. ஒரு சின்ன புஷ் தேய்ஞ்சா முழு அசெம்ப்ளியை மாத்தணும். ஏன்னா அந்த புஷ் தனியா விக்கிறதில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கதையைக் கேட்டா இன்னும் வேதனை. கடையில "ஒரிஜினல்"னு ஸ்டிக்கர் ஒட்டின டப்பா குடுக்கிறாங்க. கிளட்ச் கேபிள் மாசம் தாண்டல, அறுந்து போகுது. பிஸ்டன் ரிங் போட்டா புகை நிக்கிறதுக்குப் பதிலா கூடுது. கடைக்காரர்கிட்ட கேட்டா, "பழைய வண்டிக்கு இதான் சார் வருது"ங்கிறார். பழைய வண்டி வச்சிருக்கிறவனை ஏமாத்தினா தப்பில்லன்னு ஒரு பொது முடிவு எடுத்த மாதிரி இருக்கு. குரோம் ஏத்துற பட்டறை கிட்டத்துல கிடையாது. நம்ம ஊர்ல குரோம் என்ன பாடுபடும்னு தெரியுமில்லையா? உப்புக்காத்து. போதாததுக்கு ரோடெல்லாம் உப்பு லாரி சிந்திக்கிட்டே போகுது. ராத்திரி வண்டியை நிறுத்தினதும் ரிம்மு, ஸ்போக்ஸ் எல்லாத்தையும் ஆயில் துணியால ஒரு தடவு தடவலேன்னா பத்தே நாள்ல செங்கல் கலர் வந்திரும். அதைக்கூட நான் சந்தோஷமா செய்யறேன். காத்து மேல கோவப்பட முடியுமா?

ஆனா பெட்ரோல் மேல கோவப்படுறேன்.

நாடு முழுக்க இப்ப பங்க்ல வர்றது இ20. 20 சதவீதம் எத்தனால். 2030-க்குள்ளன்னு வச்ச இலக்கை 2025-லயே எட்டிட்டாங்க. கரும்பு விவசாயிக்குப் பணம் வருது, வெளிநாட்டு எண்ணெய் குறையுதுன்னு காரணம் சொல்றாங்க, அதை நான் மறுக்கல. ஆனா எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். தூத்துக்குடிக் காத்துல ஈரத்துக்குப் பஞ்சமா? ரெண்டு வாரம் வண்டியை எடுக்கலேன்னா, கார்புரேட்டர் பவுலைக் கழட்டிப் பாருங்க. அடியில தண்ணி மணி மணியா உருளும். ஓரத்துல வெள்ளையா பொடி பூத்திருக்கும். ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கும். பெட்ரோல் டியூப் விறைச்சுப் போய் வெடிப்பு விட்டிருக்கும். டேங்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா அடித்தகடுல துரு. வெளிய நான் ஆயில் துணியால துடைச்சுத் துடைச்சுக் காப்பாத்துறேன், உள்ள பெட்ரோலே அரிக்குது.

நிதி ஆயோக் 2021-ல போட்ட திட்ட அறிக்கையிலேயே இருசக்கர வாகனத்துக்கு 3, 4 சதவீதம் மைலேஜ் குறையும்னு எழுதியிருக்காங்க. பழைய வண்டிகள்ல சில ரப்பர் பாகம், கேஸ்கெட் மாத்த வேண்டி வரலாம், அது சுலபம், செலவு கம்மின்னு பெட்ரோலிய அமைச்சகமும் சொல்லிருச்சு. சரிங்க ஐயா, மாத்துறேன். 78 மாடலுக்கு எத்தனால் தாங்குற ரப்பர் எந்தக் கடையில இருக்கு? பங்க்ல ஒரே ஒரு குழாய் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குன்னு, சாதாரண விலையில வச்சா என்ன குடி முழுகிப் போகும்? நான் எதை என் வண்டியில ஊத்துறேன்னு முடிவு பண்ற உரிமைகூட எனக்குக் கிடையாதா?

அடுத்தது பேப்பர். 15 வருஷம் தாண்டின பைக்குக்கு ஆர்.சி. புதுப்பிக்க 300 ரூபாயா இருந்ததை 2022 ஏப்ரல்ல 1000 ஆக்கினாங்க. 2025-ல, 20 வருஷம் தாண்டினா 2000 ரூபாய்னு ஆச்சு. காசு கூட பரவாயில்லை. போன தடவை ஆர்டிஓ ஆபீஸுக்குப் போனா, "உங்க வண்டி சிஸ்டத்துலயே இல்லையே"ங்கிறாங்க. வாசல்ல நிக்குது, வந்து பாருங்கங்கிறேன். பழைய ரெஜிஸ்டர் இன்னொரு ஆபீஸ்ல இருக்காம். தூத்துக்குடி 86-ல தானே தனி மாவட்டமாச்சு, அதுக்கு முன்னாடி வாங்கின வண்டி. அங்க போனா இங்க போகச் சொல்றாங்க. கடைசியில ஒரு நல்ல மனுஷன் பழைய நோட்டைத் தூசி தட்டி எடுத்து ஏத்திக் குடுத்தார். அவர் புண்ணியம். அவர் ரிட்டயர் ஆயிட்டா?

வின்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாமேன்னு ஒருத்தர் யோசனை சொன்னார். 2021 ஜூலையில அதுக்குத் தனியா விதி வந்துச்சு. 50 வருஷம் ஆகியிருக்கணும். புதுசா பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. நம்பர்ல விஏன்னு எழுத்து வரும். எல்லாம் சரி. ஆனா அந்த வண்டியைச் சாதாரணமா ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். காய்கறி வாங்கப் போகக் கூடாது. பேத்தியை ஸ்கூல்ல விடக் கூடாது. அதாவது, மரியாதை வேணும்னா வண்டி சும்மா நிக்கணும். ஓடணும்னா குடைச்சலைத் தாங்கணும். என் வண்டிக்கு இன்னும் 50 ஆகல. ஆனப்புறமும் நான் அதை அப்படிப் பதியப் போறதில்லை. இரும்பு ஓடறதுக்குத்தான் செஞ்சது.

இதுக்கு நடுவுல பாருங்க, பழசு மேல ஊருக்கே ஆசை வந்திருக்கு! 2018-ல ஜாவா பேரு திரும்ப வந்துச்சு, 2022-ல யெஸ்டி வந்துச்சு. அதே டேங்க் வளைவு, அதே வட்ட ஹெட்லைட். நல்ல வண்டிகள்தான், சந்தோஷமா ஓட்டட்டும். பழைய உருவத்துக்கு லட்சக்கணக்குல குடுக்கத் தயாரா இருக்கோம். பழைய பொருளைக் காப்பாத்துறவனுக்கு ஒரு நல்ல கேபிள் கிடைக்கல. இந்தக் கணக்குதான் எனக்குப் புரிய மாட்டேங்குது.

புகை, மாசுன்னு சொல்வாங்க. நியாயமான கேள்வி, தள்ளிவிட மாட்டேன். 2025 ஆகஸ்ட்ல நம்ம ஊர்லயே, சில்லாநத்தம் சிப்காட்டுல வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தாச்சு. வரட்டும், நம்ம பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். ஆனா ஒரு வண்டி செய்யவும் இரும்பு உருக்கணும், கரண்ட் வேணும், கப்பல் வேணும். ஒருத்தன் ஒரே வண்டியை ஒழுங்கா டியூன் பண்ணி நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓட்டுறான். இன்னொருத்தன் அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறான். பூமிக்கு யார் பாரம்? இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க.

நம்ம ஊர் இப்படிப் பழசைத் தூக்கிப் போடுற ஊர் இல்லைங்க. பழைய துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்க. மரத்தோணி இன்னமும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போகுது. பலகை உளுத்தா அந்தப் பலகையை மாத்துவாங்க. பருத்தியைத் திணிச்சு இடுக்கை அடைப்பாங்க. ஒரு பலகை போச்சுன்னு தோணியையே தூக்கிப் போட்டவன் இந்தக் கடற்கரையில உண்டா? லாஞ்ச் இன்ஜினுக்கு பார்ட்ஸ் கிடைக்கலேன்னா லேத்துல கடைஞ்சு எடுத்த ஊரு இது. 1961-ஓட முத்துக்குளிப்பு நின்னு போச்சு, ஆனா மூச்சடக்கத் தெரிஞ்சவங்க சங்கு எடுக்கப் போனாங்க, தொழில் கைவிட்டுப் போகல. அப்படிப்பட்ட ஊர்ல, ஒரு புல்லட் டேப்பட் பார்க்க ஆள் இல்லன்னா, இது வண்டியோட பிரச்சினை மட்டும்தானா? மிக்சி போனா மாத்து, ஃபேன் போனா மாத்து, குடைக்கம்பி உடைஞ்சா குடையையே மாத்து. குடை ரிப்பேர்க்காரர் நம்ம தெருவுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு, யோசிச்சுப் பாருங்க.

உங்க வீட்டுலயும் ஒண்ணு கிடக்கும். மாடிப்படிக்கு அடியில, கோணிப்பையைப் போர்த்திக்கிட்டு, அப்பாவோட ராஜ்தூத்தோ, மாமாவோட லாம்பியோ. அடுத்த வாரம் பழைய இரும்புக்காரன் தராசைத் தூக்கிக்கிட்டு வருவான். குடுத்துராதீங்க. முதல்ல பீரோவுல ஆர்.சி. புக்கைத் தேடி எடுத்து வையுங்க, அது இல்லாம ஒண்ணும் நடக்காது. டேங்க்ல மிச்சம் இருக்கிற பெட்ரோலை வடிச்சு விடுங்க. பிளக்கைக் கழட்டி ஓட்டையில ரெண்டு சொட்டு ஆயில் விடுங்க. அப்புறம் உங்க ஊர்ல மிச்சம் இருக்கிற அந்த ஒரு வயசான மெக்கானிக்கைத் தேடிப் போங்க. போகும்போது, லீவுல சும்மா இருக்கிற பையன் ஒருத்தனையும் கூட்டிக்கிட்டுப் போங்க.